தைராய்டு புற்றுநோய் சுரப்பியைத் தாண்டிவிட்டது என்றால் எந்த நிலை? ஆயுள் குறையுமா?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பரவல் நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்ததா, அறுவை சிகிச்சையின்போது கண்ணுக்கே தெரிந்ததா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நான் சொல்வது பெரும்பாலும் பாப்பில்லரி, ஃபாலிகுலர் வகைகளுக்கு. மற்றவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

நுண்ணோக்கியில் மட்டும் தெரிந்த பரவலை, 2018 முதல் நடைமுறையில் உள்ள ஏஜேசிசி (புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழு) விதிகளின் 8ஆம் பதிப்பு நிலைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. முந்தைய பதிப்பில் ஒன்றரை செ.மீ. கட்டிகூட இந்த ஒரு காரணத்தால் டி3 ஆகிவிடும் (டி என்பது கட்டியின் அளவையும் அது எதுவரை ஊடுருவியது என்பதையும் சொல்லும் குறியீடு). நோயாளி 45 வயதைத் தொட்டவர் என்றால் நேராக மூன்றாம் நிலை. இன்று அதே கட்டி டி1பி. நெறிகட்டியில் பரவல் இல்லாவிட்டால் முதல் நிலை. மாற்றியதில் நியாயம் இருக்கிறது. தைராய்டைச் சுற்றி முழுமையான உறை கிடையாது. கொழுப்பும் தசை இழைகளும் இயல்பாகவே சுரப்பிக்குள் கலந்திருக்கும், நடுப்பாலமான இஸ்த்மஸில் குறிப்பாக. எனவே ஒரே ஸ்லைடைப் பார்த்து ஒரு நிபுணர் ‘தாண்டிவிட்டது’ என்பார், இன்னொருவர் ‘இல்லை’ என்பார். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் பலரும் இந்த வகைதான்.

கண்ணுக்குத் தெரிந்த பரவல் என்றால், எதைப் பிடித்திருக்கிறது என்பதுதான் கேள்வி. சுரப்பியின் முன்னால் பட்டைபோல் ஓடும் ஸ்ட்ராப் தசைகளை மட்டும் பிடித்திருந்தால், கட்டி எந்த அளவானாலும் டி3பி. தோலடித் திசு, குரல்வளை, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், குரல் நரம்பு ஆகியவற்றில் ஒன்றில் ஊடுருவினாலும் டி4ஏ. முதுகெலும்புக்கு முன்னுள்ள சவ்வில் ஊடுருவினாலோ, கரோட்டிட் தமனியையோ நெஞ்சின் பெரிய ரத்தக்குழாய்களையோ சூழ்ந்துகொண்டாலோ டி4பி.

இதை நிலையாக மாற்றும்போது வயது குறுக்கே வருகிறது. 55 அல்லது அதற்கு மேல் என்றால் டி3பி இரண்டாம் நிலை, டி4ஏ மூன்றாம் நிலை, டி4பி நான்கு-ஏ. இந்நோயால் இறக்காமல் 10 ஆண்டு கடப்பவர்கள் முதல் நிலையில் 98–100%, இரண்டில் 85–95%, மூன்றில் 60–70%, நான்கில் 50%க்கும் கீழே. தசையை மட்டும் பிடித்த சிறிய கட்டி உண்மையிலேயே ஆயுளைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தசையை வெட்டியெடுத்தால் பெரிய இழப்பில்லை, கட்டியும் முழுசாக வந்துவிடும். மூச்சுக்குழாயில் அப்படி முடியாது. உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அங்கே எடுக்க முடியாமல் விட்டுவந்த மிச்சத்திலிருந்துதான் வருகிறது: மூச்சடைப்பு, ரத்தக்கசிவு.

55க்குக் கீழே என்றால் கணக்கு விசித்திரமாக இருக்கும். 40 வயதுக்காரருக்கு மூச்சுக்குழாயையே கட்டி அரித்திருந்தாலும், தொலைவிடப் பரவல் இல்லாதவரை அவர் முதல் நிலைதான்! இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடாதீர்கள். நிலை என்பது இறப்பு அபாயத்தைச் சொல்வது. நோய் திரும்ப வருமா என்பது வேறு கணக்கு. அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டியில் கண்ணுக்குத் தெரிந்த பரவல் எந்த வயதிலும் உயர் அபாயம்: திரும்பும் வாய்ப்பு சுமார் 30–40%. நுண்ணோக்கிப் பரவலுக்கு 3–8% மட்டுமே. அதனால்தான் ‘முதல் நிலை’ என்று எழுதிய கையோடு முழுச் சுரப்பி நீக்கமும், மிச்சத் தைராய்டு செல்களை அழிக்கும் கதிரியக்க அயோடினும் சொல்கிறார்கள்.

அறுவைக்கு முன் செய்யவேண்டியதில் கோட்டைவிடுவது இரண்டு. குரல் நன்றாக இருந்தாலும் குரல்நாண் அசைவை லாரிங்கோஸ்கோப்பில் (குரல்வளைக்குள் பார்க்கும் கருவி) பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெல்ல மெல்லச் செயலிழந்தால் மறுபக்கம் ஈடுகட்டிவிடும், குரலில் தெரியாது. நரம்பு வேலை செய்தால் கட்டியை அதன் மேலிருந்து சீவியெடுத்து நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். ஏற்கெனவே செத்திருந்தால் சேர்த்து வெட்டுவார்கள். அடுத்தது சிடி ஸ்கேன். மூச்சுக்குழாய்க்குப் பின்னால் நடப்பதை அல்ட்ராசவுண்ட் காட்டாது, கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் சிடி வேண்டும். ‘அந்த மருந்தில் அயோடின் இருக்கிறதே, பிறகு கதிரியக்க அயோடின் ஏறாதே’ என்று இதைத் தவிர்ப்பது தப்பு. உடம்பில் சேர்ந்த அயோடின் பொதுவாக 4–8 வாரத்தில் வெளியேறிவிடும்.

மெடுல்லரி வகையில் வயதுச் சலுகை இல்லை: டி4ஏ என்றாலே நான்காம் நிலை. அனபிளாஸ்டிக் எப்போதுமே நான்காம் நிலை. சுரப்பியைக் கண்ணுக்குத் தெரியத் தாண்டினால் நான்கு-பி.

டிஸ்சார்ஜ் தாளில் வெறும் ‘டி4ஏ’ என்றிருந்தால் அறுவைக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். எந்த உறுப்பு, சீவியெடுத்தார்களா வெட்டியெடுத்தார்களா, மிச்சம் ஏதும் இருக்கிறதா என்பது அதில்தான் இருக்கும். ஆர்1 என்றால் நுண்ணிய மிச்சம், ஆர்2 என்றால் கண்ணுக்குத் தெரிந்த மிச்சம். வெளிக்கதிர் சிகிச்சை பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஆர்2-வில்தான் எழும், அதுவும் வயதானவர்களுக்கு.