ஜன்னலில் மோதிய மரகதப்புறா: வளர்க்கலாமா?

வணக்கம். வால்பாறை வீட்டு ஜன்னலில் மோதி விழுந்த பச்சை இறக்கைப் பறவையைக் கூண்டில் வளர்க்கலாமா, அது அழிந்துவரும் இனமா என்று கேட்டிருந்தீர்கள். சிவந்த அலகு, வெள்ளை நெற்றி என்கிறீர்களே, அது மரகதப்புறா ஆண். நம் மாநிலப் பறவையேதான்!

தயவுசெய்து வளர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் சில மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும். தெளிந்ததும் விழுந்த இடத்திலேயே விடுங்கள். இறக்கை தொங்கினால் உடனே வனத்துறையிடம் கொடுங்கள்.

உலக அளவில் இது ஆபத்து குறைந்த இனம்தான். இந்தியா, இலங்கை முதல் இந்தோனேசியா வரை பரவியிருக்கிறது. ஆனாலும் எண்ணிக்கை குறைந்துவருவதாகவே கணிக்கிறார்கள். ஈரக்காடு, மூங்கில் புதர், நிழல்மரம் உள்ள தோட்டங்கள்தான் இதன் இடம். தரையில் உதிர்ந்த விதையையும் பழத்தையும் பொறுக்கித் தின்னும். மரங்களுக்கிடையே தாழ்வாக, அம்புபோல் பறக்கும். கண்ணாடியில் தெரியும் மரங்களைக் காடென்று நம்பித்தான் மோதுகிறது, பாவம். அந்த ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நெருக்கமாகக் கயிறுகளைத் தொங்கவிடுங்கள். நாளை எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.