கிசான் பணத்தை எஸ்.ஐ.பி.யில் போடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கர் நஞ்சை. பி.எம். கிசான் பணம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வருகிறது. அதை எஸ்.ஐ.பி.யில் (மியூச்சுவல் ஃபண்டில் தவணை முறையில் போடும் முதலீடு) போடச் சொல்கிறான் மகன். கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் 90,000 கெடு தாண்டி நிற்கிறது. “தேர்தல் வருது, தள்ளுபடி ஆயிடும், கட்டாதீங்க” என்றார் மச்சான். கட்ட வைத்திருந்ததில் 50,000-ஐ அவரே கைமாற்றாக வாங்கிக்கொண்டார். சம்பா சாகுபடிக்கு வெளியில் 80,000 மூணு வட்டிக்கு வாங்கி, மாதாமாதம் வட்டி கட்டுகிறேன். வீட்டுச் செலவு பால் பணத்தில் ஓடுகிறது. எந்த ஃபண்ட் நல்லது?

பதில்: எந்த ஃபண்டும் வேண்டாம். மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். அதை நிச்சயமாகத் தாண்டும் ஃபண்டை யாராவது காட்டினால், எனக்கும் சொல்லுங்கள்.

80,000-க்கு மாத வட்டி 2,400. வருடம் முழுக்க ஓடினால் 28,800. கிசான் பணமோ வருடத்துக்கு 6,000, இரண்டரை மாத வட்டிக்குச் சரி. 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு மாநில அரசு குவிண்டாலுக்கு 156 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்து 2,545 தந்தது. அந்தக் கணக்கில் 60 குவிண்டால் போட்டால் ஊக்கத்தொகை மட்டும் 9,360. இரண்டையும் கூட்டினாலும் 15,360தான். அரசு தரும் மானியம் முழுக்க உங்கள் வழியாக வட்டிக்காரர் வீட்டுக்குப் போகிறது, பற்றாததற்கு நெல் பணமும்.

இத்தனைக்கும் சங்கக் கடன், கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லாத கடன். தள்ளுபடியை நம்பி அதைக் கட்டாமல் விட்டதால்தான் புதுக் கடன் கிடைக்காமல் வெளியே போனீர்கள்.

சரி, தள்ளுபடி வந்தே விடும் என்று வைத்துக்கொள்வோம். 2016-ல் மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த சிறு, குறு விவசாயிகளின் கடன் தள்ளுபடியானது. 2021-ல் ஜனவரி 31 அன்று நிலுவையில் இருந்த பயிர்க்கடன், 12,110 கோடி. இரண்டு முறையும் பார்த்தது, அந்தத் தேதியில் கணக்கில் கடன் இருந்ததா என்பதைத்தான். பழைய கடனை ஒழுங்காகக் கட்டிவிட்டு ஐப்பசியில் சம்பாவுக்குப் புதிதாக வாங்கியவருக்கும் அது கிடைத்தது. கெடு தாண்டி உட்கார்ந்திருந்தவருக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. தவிர, இரண்டுக்கும் நடுவில் ஐந்து வருட இடைவெளி. ஐந்து வருடம் மூணு வட்டி கட்டினால் 1,44,000. தொண்ணூறாயிரம் மிச்சம் பிடிக்க இவ்வளவு செலவா? மச்சான் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார். அவருக்கு அவசியமும் இல்லை, 50,000 வட்டியில்லாமல் கையில் இருக்கிறது.

அறுவடை முடிந்ததும் 60 குவிண்டாலுக்குச் சுமார் ஒன்றரை லட்சம் வரும். மெஷின் வாடகை, வண்டி, கூலி போக 1,30,000 நிற்கும் என்று வைப்போம். முதலில் வட்டிக்காரருக்கு 80,000 கொடுத்து, எழுதிக்கொடுத்த புரோநோட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள். மீதி 50,000. மச்சானிடம் இருக்கும் 50,000 வந்தால், சங்கத்துக்கு அசல் 90,000, வட்டி அபராதம் எல்லாம் சேர்த்து எட்டாயிரம் என்று கட்டிவிடலாம்.

கேட்கக் கூச்சமாக இருந்தால் வீட்டம்மாவை விட்டு அவர் அண்ணனிடம் கேட்கச் சொல்லுங்கள். இழுத்தடித்தால், குறைகிற தொகைக்கு நகையை வங்கியில் வையுங்கள். வருடம் ஒன்பது, பத்து சதவீதம் ஆனாலும் பரவாயில்லை. ஆனால் மறுபடி மூணு வட்டிக்குப் போகாதீர்கள்.

கட்டிய அன்றே ரசீது வாங்கி, பாஸ் புத்தகத்திலும் வரவு வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் சிட்டா, அடங்கலோடு போய்க் குறுவைக் கடனுக்கு மனுக் கொடுங்கள். கடனில் ஒரு பகுதி உரமாகவே வரும் என்பதால் உரக்கடையில் தனியாகக் கடன் சொல்ல வேண்டியிராது. மகனின் எஸ்.ஐ.பி.யை அந்தக் கடனையும் கெடுவுக்குள் அடைத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.