லைட் வைத்தால் சொரியாசிஸ் எப்படி அடங்குகிறது? கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். செதில் உதிரும் தோல் படையான சொரியாசிஸுக்கு லைட் வைப்பது, அதாவது புற ஊதாக் கதிர் விளக்குப் பெட்டிக்குள் நிற்க வைப்பது, பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஒரு அக்கா: வாரம் மூணு நாள் பஸ் ஏறி வாரேன் டாக்டரம்மா. பெட்டிக்குள்ள நிக்கது ஒரு நிமிஷம்கூட இல்ல. ஒரே நாள்ல அஞ்சு நிமிஷம் வச்சு முடிச்சிட்டா என்ன?

வருகிற நாளெல்லாம் உங்கள் கூலி போகிறது, தெரியும் அக்கா. ஆனால் லைட் படையைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள், கிருமியே இல்லாத தோலில் வந்து தங்கி, ஐஎல்-17 என்ற சுரப்பை விட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால் ஒரு மாதத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய மேல்தோல், சில நாளிலேயே அடுக்கடுக்காக வளர்ந்து விடுகிறது. பீடித் தட்டைத் தூக்கும்போது உங்கள் மடியில் உதிருகிறதே, அந்த வெள்ளைச் செதில் அதுதான். நாங்கள் வைக்கும் 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் அந்த டி செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும். தோல் செல்லைவிட அவை சீக்கிரம் தளர்ந்துபோகும். தோல் தாங்குகிற அளவிலேயே அவை தானாக மடிந்துவிடும். அஞ்சு நிமிஷம் வைத்தால் தோலே வெந்து கொப்புளம் போடும். புண்பட்ட இடத்தில் புதுப் படையும் எழும்பலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம். 15, 20 முறைக்குப் பிறகுதான் நல்ல மாற்றம் தெரியும். இடையில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் சொல்லிவிடுங்கள், அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

சேரன்மகாதேவி விவசாயி: எனக்கு முதுகுல படை. நாள் முழுக்க வயல் வெயில்லதான் நிக்கேன், அது பத்தாதா?

வெயிலிலும் இந்தக் கதிர் இருக்கிறது அண்ணே. ஆனால் அளவு மணிக்கு மணி மாறும், கூடவே மற்ற கதிர்களும் வரும். அப்புறம், சட்டைக்குள் இருக்கும் முதுகுக்கு வெயில் எங்கே போகிறது?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு எதிர்ப்பு சக்தி குறைஞ்சிராதா?

இந்தக் கதிர் மேல்தோலைத் தாண்டி அதிக ஆழம் போகாது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் போல உடம்பு முழுக்கப் பரவும் மருந்து இல்லை இது. சண்டையை அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் இதனால் கூடுகின்றன. கண்ணைக் காக்கப் போடும் கண்ணாடியை மட்டும் பெட்டிக்குள்ளே கழற்றக் கூடாது.

தென்காசி வாசகர்: வெட்பாலை எண்ணெய் தடவிட்டு வரலாமா?

வெட்பாலை இலை போட்டு, வெயிலில் வைத்து ஊதா நிறத்துக்கு வந்த எண்ணெயைக் கெட்டியாகப் பூசினால் கதிரை மறைக்கும். வீட்டுக்குப் போனபின் தடவுங்கள்.

அதே வாசகர்: போன வருஷம் சுத்தமா போச்சு. இப்போ அதே முழங்கைல வருது. ஏன்?

படை மறைந்தபிறகும் பழைய சண்டையை மறக்காத சில நினைவு டி செல்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். லைட் எல்லாவற்றையும் அகற்றுவதில்லை. இந்த முறை உள்ளங்கை அளவுக்கு வளரும்வரை காத்திருக்காமல், பொட்டு அளவில் இருக்கும்போதே வந்து காட்டுங்கள்.