தாளம் போட்டுக் கணக்கு: பலனை எப்படிப் பார்ப்பது?

திருவையாறு பக்கம் மூன்றாம் வகுப்புக்குத் தாளம் போட்டுக் கணக்கு நடத்துகிறீர்கள், தலைமையாசிரியர் "பலன் எங்கே?" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கேட்பது நியாயம்தான் டீச்சர். பிள்ளைகள் உற்சாகமாகத் தட்டுவதால் மட்டும் கணக்கு புரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

ஆதி தாளத்துக்கு 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. 4+2+2 என்று எல்லோரும் கூடச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாளமே இல்லாமல், 8 புளியங்கொட்டையைக் கையில் கொடுத்து "மூணு குவியலா வை, இன்னொரு மாதிரியும் வை" என்று சொல்லிப் பாருங்கள். தானாக 3+3+2 வைக்கிற பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. திரும்பத் திரும்ப 4+2+2 வைத்தால் தாளம் மட்டும்தான் மனப்பாடம்.

அடுத்த பாடத்தைத் தொடங்கும் முன்பே இப்படி ஒரு முறை சோதித்துக் குறித்து வையுங்கள். முன் நிலை தெரியாமல் எதையும் ஒப்பிட முடியாது. மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள். தொடக்க வகுப்புகளுக்கான தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைக் குறிக்கும் அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்பதையும் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அரும்புப் பிள்ளைகள் நகர்ந்தார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

என் வகுப்பில் ஒரு பையன் பாட்டு முழுக்க அழகாக வாயசைப்பான். கொட்டையை எண்ணச் சொன்ன அன்றுதான் 5-க்கு மேல் தடுமாறுகிறான் என்று எனக்கே தெரிந்தது.