லிங்கனில் தொடங்க வேண்டாம்: அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பிள்ளைகளுக்குச் சொல்வது பற்றிக் கேள்வி பதில்

எங்கள் சிறுவர் வாசிப்பு வட்டத்தில் அடுத்து அமெரிக்க உள்நாட்டுப் போரும் அடிமை முறை ஒழிந்த வரலாறும் என்று அறிவித்ததும் பெற்றோர்கள் கேள்விகளை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மகளுக்கு ஒன்பது வயது. லிங்கன் வாழ்க்கை வரலாறு வாங்கி வைத்திருக்கிறேன். அதிலிருந்தே தொடங்கலாமா?

லிங்கன் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைச் சொல்லுங்கள். 1862 மே 13, விடிவதற்கு முன், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகம். 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பல், அமெரிக்காவிலிருந்து பிரிந்து வடக்கோடு போரிட்ட தென்மாநிலங்களின் படைக்கு வேலை செய்கிறது, அதன் சுக்கானைப் பிடிக்கிற ஸ்மால்ஸ் ஓர் அடிமை, வயது 23. வெள்ளை அதிகாரிகள் இரவு கரைக்குத் தூங்கப் போனதும், கப்பலில் இருந்த மற்ற அடிமைகளும் இவருமாகக் கப்பலைக் கிளப்பி, இன்னோர் இடத்தில் காத்திருந்த மனைவி பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கேப்டனுடைய வைக்கோல் தொப்பியைத் தலையில் மாட்டியபடி தென்படை காவலிருந்த சம்டர் கோட்டைக்குச் சரியான விசில் சைகை கொடுத்துத் தாண்டி, வடக்குக் கடற்படையைக் கண்டதும் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றினார்கள். ஒன்பது வயதுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. யாரோ ஒரு நல்லவர் விடுதலை கொடுத்தார், இவர்கள் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள் என்ற படம் ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால் பிறகு அழிப்பது கஷ்டம், அதனால்தான் லிங்கன் இரண்டாவது.

கேள்வி: நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். போர் அடிமை முறைக்காக நடக்கவில்லை, மாநில உரிமைக்காக நடந்தது என்று மகனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நீங்கள் பதிலே சொல்ல வேண்டாம், பிரிந்து போன மாநிலங்கள் தாங்களே எழுதி வைத்ததைப் படிக்கக் கொடுங்கள். 1861 ஜனவரியில் மிசிசிப்பி வெளியிட்ட அறிக்கை, எங்கள் நிலை அடிமை முறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. தென் கரோலினாவின் குறை இன்னும் வேடிக்கை: தப்பி ஓடிவந்த அடிமைகளைத் திருப்பித் தர வட மாநிலங்கள் மறுக்கின்றனவாம். அதாவது மாநில உரிமை பேசியவர்கள் கணக்கில் வட மாநிலத்துக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது! 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம் பேர், தெற்கின் பருத்திச் செல்வம் அவர்கள் முதுகில் நின்றது.

ஆனால் வடக்கை உத்தமர்களாகக் காட்டிவிடாதீர்கள். வடக்கு முதலில் போருக்கு இறங்கியது நாடு உடையாமல் காக்கத்தான், லிங்கனே அப்படித்தான் சொன்னார்.

கேள்வி: 1863-ல் விடுதலை என்கிறார்கள், ஜூன்டீன்த் 1865 என்கிறார்கள், அப்புறம் 13-வது திருத்தம். பையன் குழம்பிவிட்டான், நானும்தான்.

குழம்புவது நியாயம்தான், விடுதலை ஒரே நாளில் வரவில்லை. 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும். வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலவேர் அடிமைகளை அது தொடவே இல்லை. கிளர்ச்சிப் பகுதியிலும் படை போய்ச் சேர்ந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். டெக்சஸின் கால்வெஸ்டனில் வடக்கின் ஜெனரல் கிரேஞ்சர் விடுதலை ஆணையை அறிவித்தது 1865 ஜூன் 19 (ஜூன்டீன்த் என்பது இந்த நாள்தான்), அதாவது தெற்கின் தளபதி லீ சரணடைந்து இரண்டு மாதம் கழித்து. நாடு முழுக்கச் சட்டப்படி முடிந்தது, அடிமை முறையைத் தடை செய்த 13-வது அரசியல் சட்டத் திருத்தம் ஏற்கப்பட்ட 1865 டிசம்பரில். சுவரில் ஒரு வரைபடம் ஒட்டி, எந்த ஊருக்கு எப்போது வந்தது என்று பையனையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: கொடுமைகளை எவ்வளவு சொல்லலாம் மேடம்? ராத்திரி பயந்துகொள்வாள்.

பத்து வயதுக்குள் சவுக்கடித் தழும்புப் படங்கள் தேவையில்லை. ஆனால் அம்மாவிடமிருந்து பிள்ளையைப் பிரித்து விற்றார்கள் என்பதை மறைக்காதீர்கள். அதுதான் அடிமை முறையின் மையம், குழந்தைக்கு உடனே புரிவதும் அதுதான். அடிமையாகப் பிறந்து பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் பேசி எழுதிய ஃபிரெடெரிக் டக்ளஸ், சிறுவனாக இருந்தபோது தெருவில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பதிலுக்குப் படிக்கக் கற்றுக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதானால், போர் முடிந்த பிறகு பிரிந்த தாயையும் தம்பியையும் தேடி மக்கள் செய்தித்தாள்களில் கொடுத்த விளம்பரங்களைக் காட்டலாம். பல பத்தாண்டுகள் கழித்தும் தேடிக்கொண்டிருந்தார்கள். 'அன்பான எஜமானர்' வருகிற புத்தகத்தை மட்டும் கையில் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் பையனுக்குப் பீரங்கியும் கெட்டிஸ்பர்க் சண்டையும் போதும், மற்றதைக் கேட்க மாட்டேன் என்கிறான்.

விடுங்கள், பீரங்கி வழியாகவே போகலாம். கறுப்புச் சிப்பாய்களைக் கொண்ட வடக்கின் மாசசூசெட்ஸ் 54-வது படைப்பிரிவு 1863 ஜூலையில் தென்படையின் வாக்னர் கோட்டையைத் தாக்கியதைச் சொல்லிவிட்டு ஒரு கணக்குக் கொடுங்கள்: வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், கறுப்புச் சிப்பாய்க்கு 10, அதிலும் உடைக்கு 3 பிடித்தம். அந்தப் படைப்பிரிவு சம்பளத்தையே தொட மறுத்துச் சண்டை மட்டும் போட்டது, 1864-ல்தான் சமச் சம்பளத்துக்கு நாடாளுமன்றம் ஒத்துக்கொண்டது. வடக்கின் ராணுவத்தில் ஏறக்குறைய 1,80,000 கறுப்பினத்தவர் இருந்தார்கள்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?

தொடர்பே இல்லாவிட்டாலும் படிக்கலாம். இருக்கவும் செய்கிறது: தெற்கின் பருத்தி நின்றதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்திக்கு ஓடிவந்தன, பம்பாயில் பணம் கொட்டியது, 1865-ல் போர் முடிந்ததும் பலர் திவால். 1873-ல் ஜோதிராவ் புலே, சாதி அடிமைத்தனத்தைச் சாடிய தம் 'குலாம்கிரி' நூலை, அடிமைகளை விடுவிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

கேள்வி: கதையை எங்கே முடிப்பது?

1865-ல் முடிக்காதீர்கள். ஸ்மால்ஸையே தொடருங்கள். தாம் அடிமையாக இருந்த வீட்டையே பிறகு வாங்கினார், நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். ஆனால் 1895-ல் தென் கரோலினா புதிய அரசியல் சட்டம் எழுதிக் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதை எழுதிய அவையிலேயே உட்கார்ந்து எதிர்த்துப் பேசியும் அவரால் தடுக்க முடியவில்லை. சின்னவர்களுக்கு வீடு வாங்கியதோடு நிறுத்தலாம், பன்னிரண்டு தாண்டியவர்களுக்கு 1895 வரை போயே ஆக வேண்டும்.