கார் ஏசி நாற்றம் போக வேண்டுமா? முதலில் ஈரத்தைப் போக்குங்கள்

கேட்டவரின் பிரச்சினை இது: ஏசி போட்டதும் முதல் சில நிமிடங்களுக்கு ஈரத்துணி நாற்றம் வருகிறது. பெர்ஃப்யூம் மாட்டியும் போகவில்லை. பட்டறையில் கேஸ் மாற்றச் சொல்கிறார்கள்.

நான் கார் ஏசி வேலை செய்பவன். கேஸுக்கும் இந்த நாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை. கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, நீங்கள் சுவாசிக்கும் காற்றோடு அது கலப்பதில்லை. கூலிங் நன்றாக இருந்தால் கேஸில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். வீண் செலவு.

நாற்றம் பிறக்கிற இடம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். குளிர்ந்த தண்ணீர் ஊற்றி வைத்த சொம்பின் வெளியே வியர்க்கிறதே, அதே மாதிரி இந்தக் காயிலும் ஏசி ஓடும் நேரமெல்லாம் வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் ஒரு சின்ன பைப் வழியாக வண்டிக்கு அடியில் சொட்டிவிடும். ஆனால் வண்டியை நிறுத்தியதும் காயிலின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே கொஞ்சம் ஈரம் தங்கிவிடும். வெளியே வெயில், உள்ளே இருட்டு, ஈரம், அதோடு ஒட்டிய தூசி. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? சென்னை, தூத்துக்குடி மாதிரி காற்றில் ஈரம் அதிகமுள்ள கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் முன் சீட்டுக்கு எதிரே உள்ள குளவ் பாக்ஸைக் கழற்றினால் அதன் பின்னால் இருக்கும். கையாலேயே எடுத்துவிடலாம். வேப்பமரத்தடியில் நிற்கிற வண்டி என்றால் ஃபில்டர் மடிப்புக்குள் காய்ந்த இலையும் பூவும் அடைந்து கறுத்துப்போயிருக்கும், மூக்கருகே கொண்டுபோனாலே குப்பென்று அடிக்கும். தட்டிவிட்டுத் திரும்பப் போடாதீர்கள், கழுவவும் வேண்டாம். புதுசு போடுங்கள். ஃபில்டர் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், காற்று போகும் திசையில் அது இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுவது நல்லது. முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் அடியில் சேரும் சருகையும் அப்படியே அள்ளிவிடுங்கள். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

அப்புறம் தண்ணீர் ஒழுங்காக வெளியேறுகிறதா என்று பாருங்கள். புழுக்கமான நாளில் ஏசியை ஓடவிட்டு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் சொட்டுவது தெரிய வேண்டும். சொட்டவே இல்லை, கால் மிதியடிக்கு அடியில் கார்பெட் நனைந்திருக்கிறது என்றால் டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், காயிலில் பட்டுவிடக்கூடும். பட்டறையில் கொடுத்து அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள். நனைந்த கார்பெட்டைத் தூக்கி வெயிலில் முழுசாகக் காயவைக்காவிட்டால் ஏசி சரியானாலும் நாற்றம் போகாது.

இவ்வளவுக்குப் பிறகும் அடித்தால், ஏசி காயிலுக்கென்றே விற்கிற நுரை கிளீனர் போட வேண்டும். இன்ஜின் அணைந்திருக்கும்போது நுரையைச் செலுத்தி, டப்பாவில் போட்டிருக்கிற நேரம் விட்டால், அழுக்கைக் கரைத்துக்கொண்டு டிரெயின் வழியாக இறங்கிவிடும். ஓடும் புளோயருக்குள், அதாவது காற்றை ஊதும் விசிறிக்குள், சானிடைசரை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. அது ஸ்பிரிட், மோட்டாரில் ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். ரசகற்பூர உருண்டையும் வேண்டாம். மூடிய வண்டிக்குள் அந்த ஆவியைக் குழந்தைகள் சுவாசிப்பது நல்லதல்ல. பெர்ஃப்யூம் நாற்றத்தை மறைக்கும், பூஞ்சை அங்கேயே இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதை இன்னும் கவனமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹீட்டரைப் போட்டால் காயில் காய்ந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலான வண்டிகளில் காற்று கூலிங் காயிலைத் தாண்டிய பிறகுதான் ஹீட்டருக்குப் போகிறது, அதனால் அந்தச் சூடு காயிலில் நேராகப் படாது. அதைவிட எளிய பழக்கம் ஒன்று இருக்கிறது. வீடு வருவதற்குச் சில நிமிடம் முன்பே ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்றுக்கு மாற்றி, புளோயரை வேகமாக ஓடவிடுங்கள். காயில் ஓரளவு காய்ந்துவிடும். தினமும் செய்தால் கிளீனர் தேவைப்படுவதே குறைந்துவிடும்.

எல்லா நாற்றமும் பூஞ்சை நாற்றம் இல்லை. செத்த நாற்றம் என்றால் எலி. ஃபில்டர் அறையில் பஞ்சும் நாரும் சேர்த்துக் கூடு கட்டிவிடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள், எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். இனிப்பு வாடை வந்து, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் படிந்தால் ஹீட்டர் காயிலில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். பெட்ரோல் வாடை, கருகல் வாடை, புகை வாடை எது வந்தாலும் கண்ணாடியை இறக்கி, ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

டேஷ்போர்டைக் கழற்றிக் காயிலை வெளியே எடுத்துக் கழுவலாம் என்று பட்டறையில் சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள். பெரிய வேலை, கேஸையும் இறக்கி ஏற்ற வேண்டும், திரும்பப் பூட்டும்போது டேஷ்போர்டில் சத்தம் வர வாய்ப்புண்டு. ஃபில்டர், டிரெயின், நுரை மூன்றும் முடிந்த பிறகும் நாற்றம் நின்றபாடில்லை என்றால் மட்டும் அதற்குப் போங்கள்.