381654729: ஒரே விடைதானா?

ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களை ஒருமுறை மட்டுமே கொண்டு, முதல் இரண்டு இலக்கங்கள் 2ஆலும் முதல் மூன்று 3ஆலும் என இறுதிவரை வகுபடும் எண் 381654729 மட்டும்தானா, அதைக் கணினியின்றி நிறுவ முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆம், ஒன்றே ஒன்றுதான், காகிதத்திலேயே நிறுவலாம்.

ஐந்தாம் இலக்கம் 5 ஆகத்தான் வேண்டும். இரட்டை இடங்களில் இரட்டை எண்களே வர இயலும் என்பதால், மற்ற இடங்கள் 1, 3, 7, 9 ஆகியவற்றுக்கு உரியவை. மூன்றாம் இலக்கம் ஒற்றை எண். ஆகவே 4ஆல் வகுபட, நான்காம் இலக்கம் 2 அல்லது 6 ஆக இருக்க வேண்டும். 8ஆல் வகுபடும் நிபந்தனை எட்டாம் இலக்கத்தையும் அவ்வாறே கட்டுப்படுத்துவதால், 4, 8 இரண்டும் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குச் செல்கின்றன. நான்கு முதல் ஆறு வரையிலான இலக்கங்களின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபட வேண்டும் என்பதால், நடுப்பகுதி 258 அல்லது 654 மட்டுமே.

முதல் மூன்று இலக்கங்களுக்கும் 3இன் விதியையும், இறுதியில் 8இன் விதியையும் பொருத்தினால் பத்தே எண்கள் எஞ்சும். இவற்றை வடிகட்டுவது 7தான், அழகும் அங்கேதான் இருக்கிறது: ஒவ்வொன்றின் முதல் ஏழு இலக்கங்களை எடுத்து 7ஆல் வகுத்துப் பார்த்தால், 1472589ஐ வகுத்தால் மீதி 6, 9876543ஐ வகுத்தால் மீதி 5, பத்தில் 3816547 மட்டுமே 7 × 545221 என மீதியின்றி அமைகிறது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 45 என்பதால் 9ஆல் வகுபடுவது தானாகவே நிறைவேறும். இறுதியில் 0 சேர்த்தால் 10க்கும் பொருந்தும்.

0உம் இடம்பெறலாம், இலக்கங்கள் திரும்ப வரலாம் என்று தளர்த்தினால், இத்தகைய எண்களில் மிகப் பெரியது 25 இலக்கங்கள் கொண்ட 3608528850368400786036725.